பெரகலயிலிருந்து கொழும்புக்கு: சாரியும் வாங்கலாம், ஊரும் பார்க்கலாம்

ஊவாப் பக்கத்து வீடுகளில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் அடுத்த பேச்சு, "கொழும்புக்கு எப்போ போறது?" என்பதுதான். பண்டாரவளையிலும் பதுளையிலும் கடைகள் இல்லாமலில்லை. ஆனாலும் புறக்கோட்டையில் எடுத்த சாரி என்றால் மாமிமார் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள்!

அப்புத்தளை வீதியும் வெல்லவாய வீதியும் பிரிகிற சந்தி பெரகல. பதுளை–கொழும்பு 99ஆம் இலக்க பஸ் இவ்வழியாகத்தான் ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று இறங்கிப் போகிறது. ரயிலில் போக விரும்புகிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை கடுமையாகச் சேதப்பட்டது. பாடப்புத்தகத்தில் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. பாராளுமன்றம் 1982இல் அங்கே போய்விட்டது. நமக்கென்னவோ தலைநகரம் இன்றும் கொழும்புதான்.

சகோதரிகளே, நாள் பார்த்துப் புறப்படுங்கள். தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் புறக்கோட்டையின் பெரிய கடைகளில் பல மூடிக் கிடக்கும். போயா தினமும் அப்படியே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம்மவர் கடைகளில் கதவைத் தட்டிப் பயனில்லை.

துணிக்குக் கெய்சர் வீதியும் குறுக்குத் தெருக்களும், நகைக்குச் செட்டியார் தெருவும், நாட்டு மருந்துச் சரக்குக்குக் காபோஸ் லேனும். மொத்தக் கடைகளில் ஒன்றிரண்டு கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே வகையில் ஆறு உருப்படி எடுத்தால் விலை இறங்கும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் மயில் நீலமாகத் தெரிவது வீட்டு வாசலில் வேறு நிறமாக இருக்கும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், சல்லி நம்முடையது. 2022 நெருக்கடிக்குப் பிறகு விலைவாசி ஏறிய ஏற்றத்தில் வெட்கப்பட்டுக் கட்டாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பள்ளிவாசல் சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் கட்டுவித்தது. 1909இல் வேலை முடிந்தது. அதன் குவிமாடங்கள் மாதுளம் பழத்தின் வடிவம். பிரயாணத்தில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகை இருக்கிறது. பெண்களுக்குத் தொழவும் ஒளுச் செய்யவும் வசதியுள்ள இடத்தை மட்டும் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் மனத்திலுள்ளதைச் சொல்கிறேன். நம் பெண்களில் பலர் பத்துத் தடவை கொழும்புக்குப் போயிருப்பார்கள். என்ன பார்த்தீர்கள் என்றால், துணிக் கட்டும் பஸ் நிலையமும்தான். ஆண்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பெண்கள் பைகளுக்குக் காவல் இருப்பார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ஆகவே ஓர் இரவு தங்க முடிந்தால், முதல் நாள் ஊர் பார்த்துவிட்டு மறுநாள் சாமான் வாங்குங்கள்.

முதலில் நூதனசாலைக்குப் போங்கள். 1877இல் திறந்தது. அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்டவரும் அவரே. பரிசாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. உள்ளே கண்டி அரசனின் சிம்மாசனத்தைச் சுற்றித்தான் கூட்டம். நான் சொல்வது காலியில் 1911இல் கண்டெடுத்த ஒரு கல்லை. சீனக் கப்பற்படைத் தளபதி செங் ஹே, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் செதுக்கிக் கொண்டுவந்தது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தென்திசைக் கோயில் தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் வியாபாரம் நடந்த மொழிகளில் நம் தமிழும் ஒன்று என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரம். 2022 செப்டம்பரிலிருந்து பொதுமக்களை ஏற்றுகிறார்கள். நேரம் போதாவிட்டால் விட்டுவிடலாம். பெரகலயில் நின்று தென்சமவெளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயரம் புதிதல்லவே!

மாலையில் காலி முகத்திடல். 1859இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் அமைத்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணவேண்டும் என்று தமக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நாட்டியிருக்கிறார். அந்தக் கல்லைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். இஸ்ஸோ வடை வாங்கினால் சிறு பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துத் தரச் சொல்லுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்காதீர்கள். அங்கத்துக் காக்கைகள் பொல்லாதவை.