பட்டியலில் இல்லாத பெயர்

விளையாட்டு முடிந்ததும் ஆடியவர்கள் குளிக்கப் போய்விடுகிறார்கள்; ஆடாதவர்கள்தாம் விடியும்வரை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பேருண்மையை நான் கற்றது வகுப்பறையில் அன்று. நம் மாணவர் விடுதியின் மாடி வராந்தாவில்.

2022 டிசம்பர் மாதம். நான் அப்போது இளங்கலை வரலாறு முதலாண்டு. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. விடுதித் தொலைக்காட்சிப் பெட்டி இரவு பத்து மணிக்கெல்லாம் உறங்கிவிடும். எனவே ஒரு கைப்பேசி, அதைச் சாய்த்து வைக்கக் கவிழ்த்த வாளி ஒன்று, அதைச் சுற்றிப் பதினான்கு தலைகள். யாருடைய இணைய அளவு தீர்ந்ததோ அவன் அடுத்தவனிடம் கையேந்துவான். டிசம்பர்ப் பனியில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தவர்கள், ஏதோ சதியாலோசனை நடக்கிறது என்றே எண்ணியிருப்பார்கள்.

டிசம்பர் 7ஆம் நாள், நள்ளிரவு கடந்து 12.30 மணி. போர்ச்சுகல் அணிக்கும் சுவிட்சர்லாந்து அணிக்கும் ஆட்டம். ஆடும் பதினொருவர் பட்டியல் திரையில் வந்தது. அதில் கிறிஸ்டியானோ ரொனால்டோ பெயர் இல்லை!

என் அறைத்தோழன் எழுந்தே நின்றுவிட்டான். அவனுக்கு விடுதியில் பெயரே ‘ஏழாம் நம்பர்’தான். ரொனால்டோ அணியும் எண் அது. திருவிழாக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால், காயும்வரை கொடியருகிலேயே நிற்பான். “டேய், நல்லாப் பாருடா, விட்டுப்போயிருக்கும்” என்று கைப்பேசியைப் பிடுங்கினான். விட்டுப்போகவில்லை. பயிற்சியாளர் பெர்னான்டோ சாண்டோஸ் அவரை மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்த்தியிருந்தார். பெரிய போட்டி ஒன்றில் ரொனால்டோ தொடக்கப் பதினொருவரில் இல்லாதது 2008க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அப்புறம் நடந்ததை உலகம் அறியும். அவருடைய இடத்தில் இறங்கிய 21 வயது இளைஞர் கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் போட்டார். போர்ச்சுகல் 6-1 என்று வென்றது. வெற்றி உறுதியான பிறகு, அரங்கத்தில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூவ, எழுபது நிமிடங்களுக்கு மேல் கடந்து ரொனால்டோ உள்ளே இறங்கினார். அந்தக் கூவலைக் கேட்டு ஏழாம் நம்பரின் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் சிரித்தேன்.

அன்று தொடங்கியது பட்டிமன்றம்!

ஏழாம் நம்பரின் கட்சி சொன்னது: “ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் போட்ட முதல் ஆண் ஆட்டக்காரர். நாட்டுக்காக 118 கோல் போட்டவர். அவரை உட்கார வைப்பது நன்றி மறந்த செயல்.”

எதிர்க்கட்சிக்குத் தலைவன் நான். “வயது 37. உலகக் கோப்பையின் வெளியேற்றுச் சுற்றுகளில் அதுவரை ஒரு கோலாவது போட்டிருக்கிறாரா? அணி பெரிதா, ஆள் பெரிதா?” என்று முழங்கினேன்.

மூன்றாம் கட்சி ஒன்றும் உண்டு. இது திறமைக் கணக்கே இல்லை, தண்டனைக் கணக்கு என்பது அவர்கள் வாதம். முந்தைய தென் கொரிய ஆட்டத்தில் 65ஆம் நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டபோது ரொனால்டோ வாயசைத்து ஏதோ சொன்னார். சீக்கிரம் போ என்ற கொரிய ஆட்டக்காரரைத்தான் வாயை மூடச் சொன்னேன் என்றார் அவர். ஆனால் படக்காட்சியைப் பார்த்த சாண்டோஸ், தமக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே, அக்டோபரில், மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் டென் ஹாக் கடைசி நேரத்தில் இறங்கச் சொன்னபோது மறுத்து, ஆட்டம் முடியுமுன் அரங்கத்தைவிட்டே போனவர் ரொனால்டோ. அவர் என்னை மதிக்கவில்லை, நானும் அவரை மதிக்கவில்லை என்று பேட்டியும் கொடுத்தார். நவம்பர் 22ஆம் தேதி அந்தக் கழகத்திலிருந்து விலகினார். இவற்றையெல்லாம் அடுக்கி, “இது தாக்கீது கொடுத்த கதை” என்று மூன்றாம் கட்சி முடித்தது.

இதற்கு விடையாக என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. ஆட்ட நாளன்று பகலுணவுக்குப் பிறகு ரொனால்டோவைத் தனியே அழைத்து, நீ தொடக்கத்தில் இறங்கவில்லை என்று காரணத்தோடு சொன்னதாகச் சாண்டோஸே பின்னர் விளக்கினார். ரொனால்டோவுக்கு மகிழ்ச்சியில்லை, இது நல்ல யோசனை என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா என்று கேட்டாராம். அவ்வளவுதான், பேச்சு நேர்மையாக முடிந்தது. “பார்த்தாயா, மனுஷன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்!” என்று மேசையைத் தட்டினேன்.

“சொல்லிட்டா சரியாயிடுமாடா?” என்றான் ஏழாம் நம்பர். எனக்குக் கைத்தட்டல் விழுந்தது. அவன் கேள்வி அதில் அமுங்கிப் போனது.

மூன்றே நாள். டிசம்பர் 10ஆம் தேதி இரவு மொராக்கோவுடன் கால் இறுதி. மீண்டும் ரொனால்டோ வெளியே. 42ஆம் நிமிடத்தில் என்-நெசிரி எவரும் எட்டாத உயரத்துக்குத் தாவித் தலையால் முட்டிய பந்து வலைக்குள் விழுந்தது. ரொனால்டோ 51ஆம் நிமிடத்தில் இறக்கப்பட்டும் பயனில்லை. 0-1. அழுதபடியே அவர் உள்ளே நடந்து சென்றார். மொராக்கோ, அரையிறுதி கண்ட முதல் ஆப்பிரிக்க நாடாயிற்று. டிசம்பர் 15ஆம் தேதி சாண்டோஸ் பதவி விலகினார். 2016இல் அதே நாட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். புதன்கிழமை மேதையாக இருந்தவர் சனிக்கிழமை முட்டாள் ஆனார். எங்கள் வராந்தாவிலும் ஆட்சி மாறியது. கைத்தட்டல் ஏழாம் நம்பர் பக்கம் போயிற்று.

சத்தம் கேட்டு வந்த துணைக் காப்பாளர் எங்களை விரட்டுவார் என்று நினைத்தோம். அவர் ஆங்கிலத் துறைப் பேராசிரியர். கால்பந்துப் பைத்தியம் என்பது அன்றுதான் தெரிந்தது. சுவரில் சாய்ந்தபடி ஒரு கதை சொன்னார். 1966 உலகக் கோப்பை. இங்கிலாந்தின் தலைசிறந்த கோல் வீரர் ஜிம்மி கிரீவ்ஸ் பிரான்சுடன் ஆடியபோது காலில் காயம்பட்டுத் தையல் போட்டுக்கொண்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய ஜெஃப் ஹர்ஸ்ட் கால் இறுதியில் வெற்றிக் கோல் போட்டார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டார். ஆனாலும் பயிற்சியாளர் ஆல்ப் ராம்சே ஹர்ஸ்டையே வைத்துக்கொண்டார். ஹர்ஸ்ட் இறுதியில் மூன்று கோல் போட்டார்; இங்கிலாந்து 4-2 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரர் முறையே அன்று இல்லை; கிரீவ்ஸ் வெளியே அமர்ந்து பார்க்க மட்டுமே முடிந்தது. இறுதியில் ஆடிய பதினொருவருக்கே அன்று பதக்கம். கிரீவ்ஸுக்கு அது கிடைத்தது 2009இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

“ராம்சே செய்ததும் சாண்டோஸ் செய்ததும் ஒரே காரியம்தானப்பா. ஒருத்தர் ஜெயிச்சார், ஒருத்தர் தோத்தார். நீங்க தீர்ப்புச் சொல்றது முடிவுக்கா, முடிவெடுத்ததுக்கா?” என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லிப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் விடை எழுத ஒன்றேகால் ஆண்டு ஆயிற்று.

2024 மார்ச். இரண்டாம் ஆண்டு. நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் வரலாற்றுத் துறை இறுதிக்கு வந்துவிட்டது. அணித் தலைவன் நான். முன்வரிசை ஆட்டக்காரன் ஏழாம் நம்பர். முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவன்தான் கோல் போட்டான். ஆனால் அது முகூர்த்த மாதம். வெள்ளி இரவு போனால் ஞாயிறு மாலைவரை கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை அவனுக்கு. ஒரு பந்தல் வேலைக்கு ஐந்நூறோ அறுநூறோ. விடுதி உணவுக் கட்டணம் அதில்தான் கட்டுவான். மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. வந்த ஒரு நாளும் தூக்கக் கண்ணோடு, கால் கனக்க ஓடினான். முதலாண்டுப் பையன் ஒருவன் காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தான்.

யாரை எடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை, விடை தெரிந்திருந்தது. யோசித்ததெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான். அவனுக்கும் எனக்கும் நடுவே இருந்தது இரண்டடி இடைவெளி, இரண்டு இரும்புக் கட்டில்கள். இரவு பத்தரைக்கு அவன் வேலையிலிருந்து வந்து, மண்டபத்திலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த ஜாங்கிரியில் பாதியை என்னிடம் நீட்டினான். தின்றேன். “நாளைக்கு ஒரு கை பாத்துடலாம் மச்சான்” என்றான். “உம்” என்றேன். அவன் தூங்கிய பிறகு எழுந்துபோய், உணவுக்கூட அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டிவிட்டு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் இட்லித் தட்டோடு நின்று அதைப் படித்திருக்கிறான். சுற்றிலும் முப்பது பேர். ஒன்றும் சொல்லவில்லையாம், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனானாம்.

ஆட்டத்துக்கு வந்தான். அந்தச் சட்டை போடவில்லை. தண்ணீர்க் கேனை நிழலில் வைத்து, இடைவேளையில் ஒவ்வொருவருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். பொருளியல் துறையை 2-1 என்று வென்றோம். வெற்றிக் கோல் அந்த முதலாண்டுப் பையனுடையது! என்னைத் தோளில் தூக்கினார்கள். என் முடிவு சரி என்று ஊரே சொன்னது. மேலே இருந்தபடி தேடினேன். அவன் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் இரவு விளக்கணைத்த பிறகு, இருட்டில் அவன் குரல் வந்தது:

“என்னை எடுக்காதது தப்பில்லடா. என் காலு எனக்கே தெரியும். ஆனா கோடி கோடியா சம்பாதிக்கிற அந்த ஆளைக்கூட, சாப்பாட்டுக்கப்புறம் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாங்கன்னு நீதானடா மேசையைத் தட்டுன. நீ பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்த?”

என் துருப்புச் சீட்டு என் மேலேயே விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே மன்னித்துவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். “தூங்குடா” என்றான், அவ்வளவுதான். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. பாதி ஜாங்கிரி திரும்பி வரப் பல மாதம் ஆயிற்று.

நண்பர்களே, வராந்தாவில் விடிய விடிய நாங்கள் விவாதித்தது ஒரே கேள்வி என்று நினைத்திருந்தோம். உண்மையில் அவை இரண்டு. யாரை எடுப்பது என்பது ஒன்று. எடுக்காதவனை எப்படி நடத்துவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வெற்றி தோல்வி ஓரளவு விடை சொல்லலாம். இரண்டாவதற்கு எந்தக் கோப்பையாலும் விடை சொல்ல முடியாது. வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என்ற அதிகாரத்தை அரசியலில் வைத்தார். ‘இனியவை கூறல்’ என்பதை இல்லறவியலில் வைத்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பது தலைவன் வேலை. நல்ல சொல் சொல்வது மனிதர் எல்லோருக்கும் உள்ள வேலை. நான் முதலாவதைச் செய்த பெருமையில் இரண்டாவதை அறிவிப்புப் பலகையிடம் விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டிலும் நானே தலைவன். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாலை, இடம் பெறாத நான்கு பேரின் அறைக் கதவையும் தட்டினேன். ஒருவன் திட்டினான். ஒருவன் சிரித்து மழுப்பினான். ஒருவன் பதில் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தான். நான்காமவன், முந்தைய ஆண்டு வெற்றிக் கோல் போட்ட அதே பையன், கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன், என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “இது நல்லதுன்னு நிஜமாவே நினைக்கிறீங்களாண்ணா?”

“நினைக்கிறேன்டா” என்றேன். தொண்டை அடைத்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவனை இறக்கியிருந்தால் வென்றிருப்போம் என்று இன்றுவரை விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஆட்டம் முடிந்து நான் தலைகுனிந்து வந்தபோது, கோட்டோரத்தில் தண்ணீர் டம்ளரோடு இரண்டு பேர் நின்றார்கள்: ஒருவன் அந்தப் பையன், மற்றவன் சாயம் போன ஏழாம் எண் சட்டை போட்டிருந்தான்.