சைபரும் காலியும்: டேட்டா பைண்டிங் பத்தி ஒரு பொட்டி தட்டற பதிவு

முன்னாடியே சொல்லிடறேன் மக்களே, இது சுத்தமான ஆணி பிடுங்கற பதிவு. சினிமா விமர்சனம் தேடி வந்தவங்க மன்னிக்கணும். ஆனா நடுவுல ஒரு ஆஸ்பத்திரிக் கதை வருது, அதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க :-)

வெப் சர்வீஸ் எழுதப் போறோம்னு முடிவானதும் டீம்ல முதல்ல கிளம்பற சண்டை, எந்த ஃப்ரேம்வொர்க்குங்கறதுதான். ஆக்சிஸ்2-வா, சிஎக்ஸ்எஃப்பா, ஸ்ப்ரிங் வெப் சர்வீஸா? இதுக்கு ரெண்டு மீட்டிங், நாலு டீ. டேட்டா பைண்டிங் எதுன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. டூலோட கூடவே என்ன வந்துச்சோ அதையே கட்டிக்கிட்டு அழறது. என் அனுபவத்துல ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கறது இந்த ரெண்டாவது சமாச்சாரம்தான்.

பைண்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கம்பி வழியா வர்றது எக்ஸ்எம்எல், வெறும் எழுத்து. நம்ம புரோகிராம்ல இருக்கறது ஆப்ஜெக்ட். நடுவுல ஒரு துபாஷி நின்னு அந்தப் பேச்சை இந்தப் பேச்சா மாத்தறார். துபாஷி கொஞ்சம் பிசகினாலும் ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் பழங்கதை. சோப் 1.1 வந்தது 2000-ல. டபிள்யூஎஸ்டிஎல் 1.1 வந்தது 2001-ல. அதை எழுதின நாலு பேர்ல ஒருத்தர் இலங்கைக்காரர் சஞ்சீவ வீரவரண. 2005-ல டபிள்யூஎஸ்ஓ2 கம்பெனியைத் தொடங்கினவங்கள்லயும் அவர் உண்டு. ஆக்சிஸ்2-வோட பெரும்பகுதி கொழும்புல உக்காந்து எழுதினதுதான். 1.0 வந்தது 2006-ல. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், பைண்டிங்கைத் தனியா கழட்டி மாட்டற மாதிரி வச்சிருந்தாங்க. டபிள்யூஎஸ்டிஎல்-டு-ஜாவா கட்டளைல ஒரு ஆப்ஷன் மாத்தினா ஏடிபி, எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜிபிக்ஸ், ஜாக்ஸ்பி எதுல வேணும்னாலும் கோடு வரும்.

ஏடிபி ஆக்சிஸ்2-வோட சொந்தப் பிள்ளை. சுலபம், ஆனா ஆக்சிஸை விட்டுக் கிளம்பினா அந்த கிளாஸையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. எக்ஸ்எம்எல்பீன்ஸ் ஸ்கீமாவுல இருக்கற ஒவ்வொரு மூலை முடுக்கையும் மதிக்கும், அதுக்குக் கூலியா கிளாஸ்களை மலை மாதிரி குவிக்கும். 2014-ல அப்பாச்சி அதைப் பரண்ல ஏத்திடுச்சு. 2018-ல எக்செல் ஃபைல் படிக்கற பிஓஐ ஆளுங்க, அவங்களுக்கு அது இல்லாம ஆகாதுங்கறதால, இறக்கி எடுத்து வளர்த்துக்கிட்டாங்க. ஜிபிக்ஸ் அழகான யோசனை: கிளாஸை நீ எழுது, எக்ஸ்எம்எல்லோட எப்படிப் பொருந்தணும்னு தனி ஃபைல்ல சொல்லு, கம்பைல் ஆனதுக்கப்புறம் பைட்கோடுல நான் புகுந்து வேலையை முடிக்கறேன். நல்ல வேகம். ஆனா ரொம்ப வருஷமா அதுல அசைவே இல்ல.

ஜெயிச்சது ஜாக்ஸ்பி. 2006 டிசம்பர்ல வந்த ஜாவா 6-லயே அதைச் சேர்த்துட்டாங்க. வீட்டுலயே சோறு இருக்கும்போது எவன் ஓட்டலுக்குப் போவான்?

இப்ப ஆஸ்பத்திரிக் கதை. பேர் வேண்டாம். லேப் சாஃப்ட்வேர் டாட்நெட், வார்டு சாஃப்ட்வேர் ஜாவா, நடுவுல ஒரு சோப் சர்வீஸ். டிரோப்போனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, மாரடைப்பான்னு பாக்கறதுக்கு. அதைப் புதுசா இந்த சர்வீஸ்ல சேர்த்தாங்க. ஸ்கீமாவுல மின்அக்கர்ஸ் சைபர், அதாவது இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

டாட்நெட்டோட எக்ஸ்எம்எல் சீரியலைசருக்கு ஒரு குணம். கட்டாயமில்லாத எண் ஃபீல்டுன்னா, பக்கத்துலயே "ஸ்பெசிஃபைடு"ன்னு முடியற ஒரு பூலியனையும் உண்டாக்கும். மதிப்பைப் போட்டா மட்டும் பத்தாது, அந்த பூலியனை ட்ரூன்னு வைக்கணும். வைக்கலைன்னா அந்த ஃபீல்டு எக்ஸ்எம்எல்லுக்கே போகாது. எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. லேப் பக்கத்துல அதை யாரும் வைக்கலை.

வார்டு பக்கத்துல கிளாஸைக் கையாலயே எழுதி ஜாக்ஸ்பி அனொட்டேஷன் ஒட்டியிருந்தாங்க. ஃபீல்டு பிரிமிட்டிவ் டபுள். எக்ஸ்எம்எல்ல எலிமென்ட் வரலைன்னா ஜாக்ஸ்பி அதைத் தொடாது, ஆரம்ப மதிப்பு 0.0 அப்படியே நிக்கும். திரையில "டிரோப்போனின் 0.0". படிக்கறவங்களுக்கு அர்த்தம்: இதயத்துக்கு ஒண்ணும் இல்ல.

யோசிச்சுப் பாருங்க. போன எக்ஸ்எம்எல் ஸ்கீமாப்படி சரி. ரெண்டு பக்க லாக்லயும் "சக்சஸ்". ரெண்டு நாள் யாருக்கும் தெரியலை, ஏன்னா நார்மல் ஆளுக்கு அது எப்படியும் 0.01, 0.02-ன்னுதான் வரும். நல்லவேளையா பேப்பர் ரிப்போர்ட்டும் கூடவே வந்துக்கிட்டிருந்த சோதனைக் காலம் அது. மூணாவது நாள் ஒரு நர்ஸ் அக்கா, பேப்பர்ல 2.3, திரையில 0.0 இருக்கறதைப் பாத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாங்க. அந்தப் பெரியவர் ஐசியூ போய், பத்து நாள்ல வீட்டுக்குத் திரும்பினார். என்னைக் கூப்பிட்டது அதுக்கு அடுத்த நாள், கோடைப் பாக்கச் சொல்லி.

எந்த பைண்டிங்கைப் பாத்தாலும் நான் முதல்ல கேக்கறது இதைத்தான்: "இல்லை"ங்கறதை நீ எப்படிச் சொல்லுவே? ஸ்கீமாவுலேர்ந்து எக்ஸ்ஜேசி மூலமா கோடு எடுத்தா, கட்டாயமில்லாத எண்ணுக்கு பெரிய டி போட்ட டபுள் வரும், இல்லைன்னா நல். நில்லபிளும் சேர்ந்தா ஜாக்ஸ்பி-எலிமென்ட்னு ஒரு உறை போட்டுக் குடுக்கும். அது அசிங்கமா இருக்குன்னு எல்லாரும் ஒரு செட்டிங் போட்டு அணைச்சுடறாங்க. எனக்கு அந்த உறை மேல மரியாதை உண்டு. "வரவே இல்லை"க்கும் "வந்தது, ஆனா காலி"க்கும் வித்தியாசம் சொல்றது அது ஒண்ணுதான்.

அங்க செஞ்ச மாத்தம் சின்னது. ஸ்கீமாவுல சாய்ஸ் வச்சோம்: ஒண்ணு மதிப்பு வரணும், இல்லைன்னா ஏன் வரலைங்கற காரணம் வரணும். இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. ஜாக்ஸ்பி சாய்ஸை ரெண்டு தனித்தனி ஃபீல்டா மாத்தி வச்சுட்டு, ரெண்டுமே காலியா வந்தாலும் கண்டுக்காது. அதனால ரெண்டு முனையிலயும் ஸ்கீமா வேலிடேஷனைப் போட்டாகணும். வேகம் குறையும்னு சிலர் முனகினாங்க. குறைஞ்சா குறையட்டும்னு விட்டாச்சு.

"சோப்பெல்லாம் பழசு சார், ஜேசன் வந்தாச்சு"ன்னு தம்பிங்க சொல்றாங்க. ஜாக்சன்ல பிரிமிட்டிவ் டபுள் வச்சுப் பாருங்க தம்பி, வராத ஃபீல்டு அங்கயும் 0.0-தான். எண்களோட கதையும் இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல 9007199254740991-க்கு மேல முழு எண் பத்திரமா நிக்காது. அதனாலதான் 2010-ல ட்விட்டர் ஒவ்வொரு ஐடியையும் எழுத்து வடிவத்துலயும் சேர்த்துக் குடுக்க ஆரம்பிச்சது. கூகுளோட புரோட்டோபஃப் இன்னும் சுவாரஸ்யம். 2016-ல வந்த மூணாம் பதிப்புல சாதாரண எண் ஃபீல்டுக்கு "வந்துச்சா, வரலையா"ங்கற தகவலையே எடுத்துட்டாங்க, வரலைன்னா சைபர். ஜனங்க பட்ட பாடு பாத்து, 2021-ல ஆப்ஷனலைத் திரும்பக் கொண்டுவந்து முழுசா வச்சாங்க. பேர் மாறினாலும் துபாஷியோட குணம் மாறலை.

அந்த சர்வீஸ் இன்னும் சோப்லயே, சிஎக்ஸ்எஃப் மேல ஓடுது. 2018-ல ஜாவா 11 வந்தப்ப ஜாக்ஸ்பியை ஜாவாலேர்ந்தே தூக்கிட்டாங்க, தனி டிபெண்டன்சியா சேர்த்தோம். 2020-ல ஜகார்த்தா 9 வந்து பேக்கேஜ் பேரே ஜாவாக்ஸ்லேர்ந்து ஜகார்த்தான்னு மாறிப்போச்சு. பல டீம்ல இதுக்கு மாசக்கணக்கா முட்டி மோதினாங்க. இங்க எக்ஸ்ஜேசி குடுத்த கிளாஸை வாசலைத் தாண்டி உள்ள விடாம ஒரே பேக்கேஜ்ல அடைச்சு, உள்ளுக்கு நம்ம சொந்த கிளாஸை வச்சிருந்ததால ஒரு சனிக்கிழமையில வேலை முடிஞ்சது.

இன்னும் எக்ஸ்எம்எல்பீன்ஸோ ஜிபிக்ஸோ வச்சு வண்டி ஓட்டறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல கை தூக்குங்க. பேச நிறைய இருக்கு.