தம்பிக்கு மட்டும் தனிச் சமையலா?

 

ஒல்லியாக ஒரு பிள்ளை இருந்தால், சத்து இல்லையோ என்று எல்லாரும் கவலைப்படுகிறோம். குண்டாக இருந்தால் மட்டும் "நல்லா வளர்ற புள்ள" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். இல்லாவிட்டால் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம். இரண்டாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த மாத சுவர் இதழுக்கு "உடல் நலம்" என்று தலைப்பு கொடுத்ததும் என் தம்பியைப் பற்றி எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "பேரு போடாம எழுதுக்கா" என்றான். போடவில்லை. (பெயர் போடாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும், அது வேற விஷயம்!)

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் உலகத்தில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிப் பேருக்கு மேல் அதிக எடையோடு இருந்தார்கள். அதில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். 1990-இல் நூற்றுக்கு 8 பிள்ளைகளுக்கு அதிக எடை இருந்தது. 2022-இல் அது நூற்றுக்கு 20 ஆகிவிட்டது. டவுனில், பணக்கார வீட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எங்க அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மில்லுக்குப் போகிறார்.

கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

தம்பி ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவன் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை வந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்ப்பார். அவன் "எரியுதும்மா" என்று கத்துவான். தோல் சிவக்குமே தவிர, கறுப்பு போகவே இல்லை.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு எல்லாருக்கும் உயரமும் எடையும் பார்த்தது. தம்பி 136 செ.மீ. உயரம், 44 கிலோ. அம்மாவை வரச்சொல்லி டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா, இனிமே தேய்க்காதீங்க" என்றார். நம் உடம்பில் கணையம் சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால், உடம்பு அதை இன்னும் கூடுதலாகச் சுரக்குமாம். அப்படிக் கூடும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்குமாம். ரத்தப் பரிசோதனையில் தம்பிக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று வந்தது. ஆனால் எங்க அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. "உடம்பு முன்கூட்டியே மணி அடிச்சிருக்கு, கேட்டுக்கங்க" என்றார் டாக்டரம்மா. அன்று வீட்டுக்கு வந்து அம்மா தம்பி கழுத்தைத் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

எடையை மட்டும் பார்த்தால் போதாது, உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர்.
44 ÷ (1.36 × 1.36) = 23.8
பெரியவர்களுக்கு இருக்கிற அளவை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது. நமக்கு வயதுக்கு ஏற்ற மாதிரி, ஆண் பெண் என்று தனித்தனி அட்டவணை இருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு 23.8 ரொம்ப அதிகம்.

தனிச் சட்டி வைத்த இரண்டு வாரம்

சொந்தக்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி தம்பிக்கு மட்டும் தனிச் சாப்பாடு ஆரம்பமானது. எங்கள் தட்டில் பணியாரம், அவன் தட்டில் வெள்ளரிக்காய். எங்களுக்குப் பரோட்டா, அவனுக்கு உப்பில்லாத கஞ்சி. அப்பத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "வளர்ற புள்ளய எட போட்டுப் பாத்தா கண்ணு பட்டுரும்டி. எங்க வம்சமே பெரிய எலும்பு" என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முறுக்கு முடிந்து வைத்துக் கொடுப்பார்.

தம்பி பள்ளியில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. முட்டையைக்கூடப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். நான்தான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். "அக்கா, சாப்பிடாமயே இருந்தா நான் செத்துருவேனா? செத்தாலும் பரவால்லக்கா, தண்ணிக் குழாய்ல எல்லாரும் பூசணிக்கான்னு கூப்புடுறாங்க" என்றான். பத்து வயசுப் பையன் பேசுகிற பேச்சா இது? நான் அம்மாவை எழுப்பிவிட்டேன்.

மறுநாளே அம்மா லீவு போட்டுவிட்டு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்ல எத்தனை பேரும்மா?" ஐந்து பேர். "அப்போ அஞ்சு பேரும் மாறணும். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம்" என்றார்.

ஏன் குடும்பம் முழுவதும்?

இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் லியோனார்டு எப்ஸ்டீன் என்ற உளவியல் அறிஞர் 6 முதல் 12 வயது வரை உள்ள, எடை கூடுதலான பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார். முதல் பிரிவில் பிள்ளை, பெற்றோர் இருவருடைய எடைக்கும் பழக்கத்துக்கும் ஊக்கம் கொடுத்தார்கள். இரண்டாவதில் பிள்ளைக்கு மட்டும். மூன்றாவதில் குறிப்பாக யாருக்கும் இல்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் பிரிவில் பிள்ளைகளின் கூடுதல் எடை சதவீதம் 7.5 குறைந்திருந்தது. பிள்ளைக்கு மட்டும் என்ற பிரிவில் 4.5 கூடியிருந்தது. மூன்றாவதில் 14.3 கூடியிருந்தது. 2023-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சியில், சிகிச்சையிலேயே சேராத அண்ணன், தங்கைகளுக்கும் பலன் கிடைத்தது தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? கடைக்குப் போவது அப்பா. எண்ணெய் ஊற்றுவது அம்மா. முறுக்கு கொடுப்பது அப்பத்தா. பிறகு தம்பியை மட்டும் மாறு என்றால் அவன் எப்படி மாறுவான்?

எங்கள் வீட்டில் மாறியவை

1. முதலில் கணக்குப் பார்த்தோம். தம்பி காலையில் வீட்டில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! பள்ளியிலும் பொங்கலோ உப்புமாவோ வயிறு நிறையத்தான் போடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு காலை உணவு, அது பள்ளியில் என்று முடிவானது. இப்போது ஆறாம் வகுப்பு என்பதால் வீட்டில் மட்டும்.

2. எங்கள் வீட்டில் மாதம் நாலரை லிட்டர் எண்ணெய் செலவானது. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் அளவில் நிறுத்தப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். அம்மா இப்போது பாட்டிலைச் சரிப்பது இல்லை, கரண்டியால் அளந்துதான் ஊற்றுகிறார். இன்னும் மூன்று லிட்டரில்தான் நிற்கிறது.

3. அம்மாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் அப்பா பரோட்டா வாங்கி வருவார். வாரம் மூன்று, நான்கு நாள் இது நடக்கும். அம்மா வேலைக்குப் போவது தப்பு இல்லை, அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான். இப்போது நானும் அப்பாவும் சேர்ந்து தோசை ஊற்றுகிறோம். அப்பா ஊற்றும் தோசை இலங்கை மேப் மாதிரி வரும். பரோட்டா மாதம் ஒரு நாள், ஐந்து பேரும் சேர்ந்து.

4. கூல்டிரிங்ஸ் வீட்டுக்குள் வருவது இல்லை. நான் ஒரு பாட்டில் லேபிளைப் படித்தேன். 100 மி.லி.க்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. 250 மி.லி. குடித்தால் 27.5 கிராம். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் ஐந்தரை ஸ்பூன்! அத்தனை சர்க்கரை போட்டு டீ கொடுத்தால் யாராவது குடிப்போமா? இப்போது மோர், எலுமிச்சம்பழம் போட்ட தண்ணீர்தான்.

5. தம்பி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிக்னல் வரைந்து ஒட்டினான். கீரை, காய், கொய்யா பச்சை. இட்லி, சோறு, முட்டை, பயறு மஞ்சள், அதாவது அளவோடு. சிப்ஸ், பரோட்டா, பூந்தி சிவப்பு. எப்ஸ்டீன் பயன்படுத்தியதும் இந்த சிக்னல் முறைதானாம். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கலர் தெரியும். "ஏய், இது செவப்புடா" என்று இப்போது அவரே தம்பியை அதட்டுகிறார்.

6. டி.வி., செல்போன் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது இல்லை. பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிவதில்லை.

7. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாயங்காலம் அப்பாவும் தம்பியும் கண்மாய்க்கரை வரை வேகமாக நடக்கிறார்கள். வந்ததும் வாசலில் நானும் அவனும் ஸ்கிப்பிங், நொண்டி. ராத்திரி ஒன்பதரைக்குள் விளக்கு அணைத்துவிடுவோம். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடுமாம்.

8. நல்ல மார்க் வாங்கினால் ஸ்வீட் என்பதை நிறுத்திவிட்டோம். கழித்தல் கணக்கில் நூறு வாங்கியதற்கு அப்பா ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார்.

எடை குறைந்ததா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இல்லை, ஒரு வருடத்தில் 2 கிலோ கூடியிருக்கிறது! அத்தை ஒருவர், "இதுக்கா இத்தன பாடு?" என்று சிரித்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள். உயரமும் 142 செ.மீ. ஆகிவிட்டது. 46 ÷ (1.42 × 1.42) = 22.8. போன வருடம் 23.8. வளரும் பிள்ளையின் எடையை மடமடவென்று குறைக்கத் தேவையில்லை, எடை மெதுவாக ஏறி உயரம் வேகமாக ஏறினாலே பாதி வெற்றி என்று டாக்டரம்மா சொன்னார். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. 22.8-ம் அவன் வயதுக்கு அதிகம்தான். கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளிறி இருக்கிறது, முழுவதும் போகவில்லை. அப்பாவின் சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது. அது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

கிராமில் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. தம்பி இப்போது எங்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒளித்து வைத்துச் சாப்பிடுவது நின்றுவிட்டது.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை

நம் வகுப்பிலேயே சிலர் இளைக்க வேண்டும் என்று காலையில் பட்டினி கிடக்கிறீர்கள். அது வேண்டாம். பட்டினி கிடந்தால் சாயங்காலம் இரண்டு மடங்கு பசிக்கும். நம்மில் பலருக்கு ரத்தசோகை வேறு இருக்கிறது, அதற்குத்தானே வாரா வாரம் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். எடை பற்றிச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். விளம்பரத்தில் வரும் பவுடர் எதுவும் வேண்டாம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 95-வது அதிகாரம். முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு, அளவு அறிந்து சாப்பிட்டால் மருந்தே வேண்டாம் என்கிறார் வள்ளுவர். அந்த அளவை வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அறிந்துகொண்டால் எவ்வளவு நல்லது!

கடைசியாக, தண்ணிக் குழாயில் நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரையும் பூசணிக்காய், தக்காளி, யானைக்குட்டி என்று கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டதால் யாரும் இளைத்தது இல்லை. சாயங்காலம் நொண்டி விளையாட ஆள் குறைகிறது, அதற்கு வேண்டுமானால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் வருவான்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி