சீனி போடாத காப்பி, வீட்டிலேயே



பூஜை முடிஞ்சு காப்பி ஊத்துறப்போ எங்க காதுல அடிக்கடி விழுற வார்த்தை, "எனக்கு வேணாம்பா, இனிப்பு நீர் இருக்கு." 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம்ம நாட்டு இந்தியர்களில் பெரியவங்க 100 பேர்ல ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு. மற்ற இனத்தாரை விட நமக்குத்தான் அதிகம்.

அதுக்காகக் காப்பியையே விட வேண்டியதில்லை. சீனியையும் டின் பாலையும் விட்டா போதும். ஆனா எந்தத் தூள்னு பார்த்து வாங்கணும். பல த்ரீ இன் ஒன் பாக்கெட்டுகள்ல காப்பியை விட சீனிதான் அதிகம். கடையில 'கோப்பி ஓ கோசோங்' கேட்டா சீனியே இல்லைன்னு நினைக்கிறோம். கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்க்கிறது இங்க பழைய வழக்கம். பாக்கெட் பின்னால 'கூலா'ன்னு இருக்கான்னு படிச்சுப் பாருங்க.

எதுவும் கலக்காம வறுத்த கொட்டையை வாங்கி, பிரெஞ்ச் பிரஸ்ல போட்டுப் பாருங்க. கண்ணாடிக் குடுவை, அழுத்துற கம்பி, அடியில சல்லடை, அவ்வளவுதான் கருவி.

ரவை மாதிரி கொரகொரப்பா அரைக்கணும். ஊர்லேர்ந்து வர்ற பில்டர் தூள் ரொம்ப நைஸ், சல்லடையில இறங்கிடும். 300 மில்லி தண்ணிக்கு 20 கிராம் தூள், அதாவது சுமார் 4 மேசைக்கரண்டி. தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் ஆறவிட்டு ஊத்தி, ஒரு கிண்டு கிண்டி மூடி வைங்க. 4 நிமிஷம், சாமி விளக்கை ஏத்திட்டு வர்ற நேரம். பிறகு மெதுவா அழுத்தி, உடனே முழுசையும் கப்ல ஊத்திடுங்க. குடுவையிலேயே விட்டா கசப்பு ஏறும். கசப்பு அடங்கினா சீனி தேடத் தோணாது.

கொட்டைக்கு ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம ஜொகூர்ல விளையிறது லிபெரிக்கா. கொட்டை பெருசு, பலாப்பழ வாசம் கொஞ்சம் தெரியும். ரப்பர் வர்றதுக்கு முன்னால, 19ஆம் நூற்றாண்டு கடைசியில, மலாயாவுக்கு வந்த நம்ம ஆளுங்க பலர் வேலை செஞ்சது காப்பித் தோட்டத்துலதான். பிரேசில் காப்பி மலிவா வந்து விலை விழுந்த பிறகுதான் தோட்டங்கள் ரப்பருக்கு மாறுச்சு. அவங்க கைபட்ட பயிர் இது.

ஒரு எச்சரிக்கை. சல்லடை காப்பியில இருக்கிற எண்ணெயைத் தடுக்காது, கெட்ட கொழுப்பைக் கூட்டலாம். கொலஸ்ட்ரால் உள்ளவங்க தினமும் குடிக்கிறதா இருந்தா காகித வடிகட்டியில வடிச்சுக் குடிங்க. மருந்து சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

முதல் கப் வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கு. அவங்க இன்னும் பல வருஷம் நம்மகூட கோயிலுக்கு வரணும்.