கப்பலேறும் முன் ஓர் இரவு: சிங்கப்பூரில் எங்கே தங்கலாம்?

மெரினா சவுத் பியர், சிங்கப்பூர் ரயிலின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம். 2014-இல் திறந்த நிலையம். மேலே ஏறி வந்ததும் கடற்காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் குசு தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் படகு விடும் துறை. மறுபக்கம் அகலமான சாலை, வேலி, வெறும் புல்வெளி. அதற்கப்பால், வெள்ளையடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தண்ணீருக்குள் இறங்கி நிற்பதுபோல் கப்பல்.

வேண்டுமென்றே ஒரு பெரிய பெட்டியை நிறைய அடைத்து உருட்டிக்கொண்டு வந்திருந்தேன். திருச்சியிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் அடுத்த மாதம் இங்கிருந்து சொகுசுக் கப்பலேறப் போகிறார்கள். முந்தின இரவு எங்கே தங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பெரியம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கப்பலுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாருப்பா. காலையில பெட்டியத் தூக்கிட்டு அலைய முடியாது. பெரியப்பாவுக்கு முழங்கால் வேற.”

நியாயமான கோரிக்கைதான். ஆனால் மெரினா பே குரூஸ் சென்டரைச் சுற்றி நடந்து பார்த்தால், அது நடக்கக்கூடியதாக இல்லை. நிலையத்திலிருந்து முனையத்துக்குப் பெட்டியோடு நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தங்கும் விடுதி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. குடியிருப்பு இல்லை, கடைத்தெரு இல்லை. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் இது. நகரம் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. வரைபடத்தில் “அருகில்” என்று காட்டும் விடுதிகள் எல்லாம் மெரினா பே நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்கும் வானளாவிகள். அவற்றில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு குடும்பம் மற்ற இடங்களில் சில இரவுகள் தங்கிவிடலாம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வாரம் வந்தால், அந்தப் பகுதிச் சாலைகளையே மூடிவிடுவார்கள். விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கப்பலிலேயே கடலைப் பார்த்துக்கொண்டு படுக்கப் போகிறவர்கள், முந்தின இரவும் நீரைப் பார்க்க அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அறை தேடுவதற்கு முன்பே பார்க்கவேண்டியது இன்னொன்று உண்டு. சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. ஒன்று நான் நின்றிருந்த மெரினா பே குரூஸ் சென்டர், 2012-இல் திறந்தது. இன்னொன்று ஹார்பர்ஃபிரண்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இரண்டுக்கும் இடையே காரில் கால் மணி நேரத் தூரம். டாக்சியில் ஏறி “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. கப்பலேறும் நாளில், ஆறு பேரும் அத்தனை பெட்டிகளுமாக, தவறான வாசலில் இறங்குவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இரண்டு? ஹார்பர்ஃபிரண்டுக்குப் போய் மேலே பார்த்தால் பதில் தெரியும். ஃபேபர் குன்றிலிருந்து செந்தோசா தீவுக்குக் கடல்மேல் கேபிள் கார் போகிறது. அந்தக் கம்பிக்கு அடியில் 52 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கப்பல் நுழைய முடியாது. 1983 ஜனவரி 29 அன்று எனிவெட்டோக் என்ற எண்ணெய் துளையிடும் கப்பலின் கோபுரம் அந்தக் கம்பியில் சிக்கி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். உயரக் கட்டுப்பாடு வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைய பெரிய கப்பல்களுக்குத் தடையில்லாத துறை வேண்டும் என்றுதான் மெரினா பே முனையத்தைக் கட்டினார்கள். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் பெரிய கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. டிக்கெட்டில் முனையத்தின் முழுப் பெயரும் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

ஹார்பர்ஃபிரண்டில் ஏறுகிறவர்களுக்கு வேலை சுலபம். ரயில் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி பேரங்காடி, ஒட்டினாற்போல் முனையம், சாலைக்கு எதிர்ப்புறம் பே ஹோட்டல். பெட்டியோடு நடந்தே போய்விடலாம். சாப்பாடுதான் யோசிக்கவேண்டியது. நான் போன காலையில் எனக்கு வாய்த்தது காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் கோப்பியும். எனக்கு அது போதும். காலையில் சூடாக இட்லி சாப்பிட்டுப் பழகிய, சைவமான பெரியம்மாவுக்குப் போதாது. எப்படியும் எங்கள் ஆட்களின் டிக்கெட்டில் இருந்தது மெரினா பே. ஆகவே அங்கிருந்து நகர்ந்தேன்.

அடுத்துப் பார்த்தது சைனாடவுன். பெயரைக் கேட்டுத் தமிழர்கள் பலர் இந்தப் பக்கம் அறை தேடுவதே இல்லை. சவுத் பிரிட்ஜ் சாலையில் நிமிர்ந்தால் மாரியம்மன் கோவில் கோபுரம். நாராயண பிள்ளை 1827-இல் நிறுவிய கோவில். இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோவில் இதுதான். பக்கத்துத் தெருவுக்கு பகோடா தெரு என்று பெயர் வந்ததே இந்தக் கோபுரத்தால்தான். சில அடி தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அதில் 1830 வாக்கில் எழுந்த நாகூர் தர்கா இருக்கிறது.

தர்காவின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். இன்று சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். அன்று இந்தத் தெருவுக்கு எதிரே கடல். சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் கரையேறினார்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, ஊரில் விட்டுவந்த தர்காவை இங்கே நினைவாக எழுப்பினார்கள். பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து, கரை எங்கோ போய்விட்டது. இன்று நம்மவர்கள் விடுமுறைக்குக் கப்பலேறும் மெரினா பே முனையமும் அப்படித் தூர்த்த நிலத்தில்தான் நிற்கிறது. முந்தின மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பிள்ளைகளை இந்தத் தெருவுக்கு அழைத்துப் போங்கள் என்று பெரியப்பா மகளான அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

துறைமுகத்துக்கும் சைனாடவுன் வசதிதான். மேக்ஸ்வெல் நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மெரினா பே. அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே மெரினா சவுத் பியர். கைப்பெட்டியோடு வரும் இளம் தம்பதிக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியவை இங்கே நிறைய. பார்க்க அழகு. ஆனால் படி செங்குத்து, அறை சின்னது, எல்லாவற்றிலும் லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலிக்காரரை அங்கே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து ஊதாத் தடத்தில் லிட்டில் இந்தியா போனேன். உள்ளூர்த் தமிழர்கள் வாயில் அது தேக்கா. தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் காலையிலேயே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. பூக்கடையில் மல்லிகை, எதிரில் வாழைக்கட்டு, கொஞ்சம் தள்ளி 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில். பெரியம்மா இங்கே யாரிடமும் வழி கேட்கத் தயங்கமாட்டார் என்று அந்த நிமிடமே தோன்றியது. வெளியூரில் வயதானவர்களைப் பாதி களைப்படையச் செய்வது நடையல்ல, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளை எதிர்பார்த்து நிற்பதுதான்.

அறைகளை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று சந்துகளில் இருந்த சில சிறு விடுதிகளுக்குள் போனேன். ஒன்றில் வரவேற்பில் இருந்த பையன் தமிழ்.

“ரூம்ல ஜன்னல் இருக்காப்பா?”

“இந்த ரேட்டுக்கு ஜன்னல் இல்லாத ரூம்தாண்ணே. ஜன்னல் வேணும்னா கொஞ்சம் கூட ஆகும்.”

சிங்கப்பூரின் மலிவான விடுதிகளில் இது சாதாரணம். பதிவு செய்யும்போது கேட்காவிட்டால் நான்கு சுவரைத்தான் தருவார்கள். தூங்க மட்டும் போகிறவருக்குப் பரவாயில்லை. நள்ளிரவு விமானத்தில் வந்து பகலில் கண்ணயரும் பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். ஒரே அறையில் நான்கு பேர், தரையில் ஒரு பாய் என்ற நம் ஊர் ஏற்பாடும் இங்கே நடக்காது. அறைக்கு இத்தனை பேர் என்றால் அத்தனை பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் சொல்லவேண்டும். வாரம் முழுக்கக் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் நம் பிள்ளைகள், புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள், வங்கதேசத்துத் தொழிலாளர்களும் சேர்ந்து, அன்று மாலை தேக்காவில் கூடுகிறார்கள். பணம் அனுப்ப, ஊர்க்காரனைப் பார்க்க, வாய்க்கு ருசியாக ஒரு வேளை சாப்பிட அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு மாலை அது. அந்த இடம் அன்று அவர்களுடையது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஞாயிறு மாலை பெட்டிகளோடு டாக்சியில் வந்து இறங்கும்படி திட்டமிடாதீர்கள், அவ்வளவுதான். தைப்பூசத்தன்றும் கவனம் தேவை. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடிகள் போகும் வழியில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள்.

அடுத்த நிறுத்தம் ஃபேரர் பார்க். என் தேடல் முடிந்த இடம் அதுதான். தேக்காவின் நெரிசல் இல்லை, ஆனால் தேக்கா நடக்கிற தூரம். நிலையத்தருகே அந்தச் சீனிவாசப் பெருமாள் கோவில். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் முஸ்தபா கடை, மறந்துபோன மருந்தோ, இங்கத்திய மூன்று சதுர முனைச் செருகிக்கான அடாப்டரோ வாங்க எட்டிய தூரத்தில். கிச்சனர் சாலையில் நோவோட்டல், மருத்துவமனையோடு ஒரே வளாகத்தில் ஒன் ஃபேரர் என்று லிஃப்ட்டும் ஜன்னலும் உள்ள பெரிய விடுதிகள் இருக்கின்றன. கார் வாசலுக்கே வந்து நிற்கும். பெரியப்பாவின் வயதுக்கு, கீழே இறங்கினால் மருத்துவமனை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இங்கிருந்து துறைமுகத்துக்கு ரயிலில் போய்ப் பார்த்தேன், அதே பெட்டியோடு. ஊதாத் தடத்தில் இரண்டு நிறுத்தம், தோபி காட்டில் இறங்கிச் சிவப்புத் தடத்துக்கு மாற்றம், பிறகு நான்கு நிறுத்தம். காகிதத்தில் சுலபம். தோபி காட்டில் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குப் போகும் வழி நீளம். லிஃப்ட் இருக்கிறது, தேடிப் போகவேண்டும். இளையவர்கள் தாராளமாகப் போகலாம். முதியவர், குழந்தை, பெரிய பெட்டி மூன்றும் சேர்ந்தால் டாக்சிதான். சாலை காலியாக இருந்தால் இருபது நிமிடம் போதும். நகரத்துக்குள் ஆறு பேர் ஒரே வண்டியில் என்று பிடிவாதம் பிடிக்காமல் இரண்டு டாக்சி எடுங்கள். சாதாரண டாக்சியில் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் சிரமம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குச் செயலி மூலம் அழைக்கும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை டாக்சிக் கட்டணம் ஒன்றரை மடங்கு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விமான நேரமும் அறையோடு சேர்ந்த விஷயம்தான். நம் ஊரிலிருந்து கிளம்பும் இரவு விமானங்கள் விடியற்காலையில் சாங்கியில் இறக்கிவிடும். அறைச் சாவி பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு வெளியே போகலாம், ஆனால் குளிக்காமல், படுக்காமல் ஆறேழு மணி நேரம் பெரியவர்களால் முடியாது. முன்கூட்டியே அறை தரும் விடுதியாகப் பாருங்கள், அல்லது பகல் விமானத்தில் வாருங்கள். கப்பலேறும் நாள் காலையிலேயே வந்திறங்கிக்கொள்ளலாம் என்று ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நான் கெஞ்சியே சொல்வேன்: வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பெரியம்மாவிடம் ஃபேரர் பார்க் என்றேன். “கப்பல் பக்கத்துல இல்லையா?” என்றார். “கப்பலுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல பெரியம்மா. இங்க கோவில் பக்கத்துல இருக்கு, காலையில இட்லி கிடைக்கும், கீழயே டாக்சி வந்துரும்.” சம்மதித்துவிட்டார். ஜன்னல் உள்ள, அடுத்தடுத்த அறைகளாகப் பதிவு செய்தாயிற்று.

விடுதியின் முழு முகவரியை அஞ்சல் எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையில் அதைக் கேட்பார்கள். வந்திறங்கும் நாளுக்கு மூன்று நாட்களுக்குள் அந்த அட்டையை நிரப்பவேண்டும். கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பும்போது நீங்கள் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். அதற்குத் தனியாக இன்னொரு அட்டை, அதோடு ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவும் வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதிலும் அதை நிரப்பாதீர்கள்.