தொட்டுக்க என்ன?

தட்டின் முன் உட்கார்ந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "தொட்டுக்க என்ன?" குழம்பு என்னவென்று அவர் கேட்டதில்லை. தயிர்சாதத்துக்கு மாவடு, சாம்பார் சாதத்துக்கு அப்பளம், பழையதுக்கு மோர்மிளகாய். ஜோடி மாறினால் அவருக்குச் சாப்பிட்ட திருப்தியே வராது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மாவடுவை எடுத்த வலது கை பாதியில் நின்றுவிட்டது. வடு நழுவித் தட்டில் விழுந்தது. அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாம்பாரிலும் ரசத்திலும் உப்பைப் பாதியாக்கினாள். மாத்திரையும் தவறவில்லை. ஆனாலும் ஒரு மாசம் கழித்துப் பார்த்தபோது பிரஷர் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை.

அப்போதுதான் ஊறுகாய் ஜாடிகளைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன்தான் அது. மாவடு சுருங்குவதே உப்பில். மோர்மிளகாய் உப்பு மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் ஊறுகிறது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது; நாக்குக்கு அது உப்பாகத் தெரியாது, ஆனால் அதுவும் சோடியம்தான். குழம்பில் நாங்கள் மிச்சம் பிடித்த உப்பையெல்லாம் தொட்டுக்கொள்வதில் விட்டுக்கொண்டிருந்தோம். சோடியம் கூடினால் உடம்பில் நீர் தேங்கும், ரத்தத்தின் அளவு ஏறும். அந்த அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கித் தாங்கிக் குழாயின் சுவர் தடித்துவிடும்.

தொட்டுக்க எதுவுமே இல்லாமல் அப்பாவால் சாப்பிட முடியாது. அதைப் பிடுங்குவது எனக்கும் நியாயமாகப் படவில்லை. அதனால் ஜோடியை மாற்றினோம். தயிர்சாதத்துக்கு வாழைத்தண்டுப் பச்சடி, சாம்பாருக்குக் கீரை மசியல், பூசணிக் கூட்டு. காய், கீரையில் உள்ள பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற உதவுகிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள். பாதிப் பேருக்கு, உப்பில் கால்பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து என்பதால், அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் கேட்ட பிறகே கீரையைக் கூட்டினோம்.

முதல் இரண்டு வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அம்மா எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எலுமிச்சை, இஞ்சி, மிளகு, கொத்தமல்லி என்று தினம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாள்.

போன தை மாசம் உறவில் ஒரு கல்யாணம். இலையின் ஓரத்தில் வைத்த மாங்காய் ஊறுகாயை, நாங்கள் தடுப்பதற்குள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். முகம் சுளித்தது.

"என்னடா இது, இப்படிக் கரிக்குது?" என்று என்னிடம் தண்ணீர் கேட்டார். டம்ளரை வலது கையாலேயே வாங்கினார்.