கண்ணாடி நூல் இழுக்க எந்தக் கருவி?

கருணாபுரத்தில் நான் செய்யும் கண்ணாடி மணிகளைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள், மேலே ஓடும் மெல்லிய கோடுகளைத் தூரிகையால் போட்டதாகவே நினைக்கிறார்கள். இல்லை. கண்ணாடிக் குச்சியின் நுனியை பர்னர் தீயில் உருக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலாக இழுத்து, அந்த நூலை உருக்கி வரைவது அது.

முதலில் வீட்டிலிருந்த குறட்டால் இழுத்தேன். கனத்த இரும்பு, கவ்விய நொடியே சூட்டை உறிஞ்சிவிடும். நூலின் தலைப்பில் கட்டியாக ஒரு மொட்டு நின்றுபோகும். பிறகு நீளமான எவர்சில்வர் இடுக்கி, நுனியில் பல் வெட்டியது. இலேசாக இருக்கிறது, கையும் தீயிலிருந்து எட்ட நிற்கிறது. ஆனால் இடுக்கி முனை சூடேறினால் கண்ணாடி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் இன்னொரு கண்ணாடிக் குச்சியால்தான் இழுக்கிறேன். சேதாரமே இல்லை.

எதால் இழுத்தாலும், குச்சி நுனியில் உருகித் திரண்ட உருண்டையைத் தீயைவிட்டு எடுத்து ஒரு மூச்சு பொறுங்கள். உடனே இழுத்தால் சிலந்தி இழைதான் வரும். மெல்லத் தொடங்கி, வேகம் கூட்டி, இறுகும்வரை விறைப்பாகப் பிடித்திருங்கள்.

1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகளும் இழுத்த கண்ணாடிதான். நூலல்ல, துளையுள்ள குழாய், அதைத் துண்டு துண்டாக நறுக்கியது. திருப்பதிப் பக்கம் பாப்பநாயுடுபேட்டையில் உலைவாயில் கொக்கி போட்டு அப்படி இழுத்த கைவினைஞர்களை நம் காலத்து ஆய்வாளர்களே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இடுக்கியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொக்கி நினைவுக்கு வருகிறது.